வாரிசுச் சான்றில் வராத சொத்து

எங்கள் ஊரில் வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அடுத்த வேலை தாலுகா ஆபீஸ்தான். முதலில் இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று. வீடு, நிலம், பேங்க் டெபாசிட், பென்ஷன் பாக்கி எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட தாள்களை ஆயிரக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். பெயர், வயது, உறவுமுறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். இறந்தவர் எந்த நோயில் போனார் என்பது மட்டும் அதில் இருக்காது. வாரிசுகளுக்கு அதுவும் ஒரு சொத்துதான் என்பதை எழுபத்தைந்து வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். சம்பந்தப்பட்ட அண்ணன் மகனையே கேட்டேன். "எழுதுங்க சித்தப்பா. பேர் மட்டும் வேணாம்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா 1965-ல் காலமானார். அவருக்கு அப்போது 48 வயது. நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தந்தி வந்து, விழுப்புரம் வழியாக பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ரத்த மூலம் முத்திப்போச்சு" என்றார்கள். இரண்டு வருடம் மூலத்துக்குத்தான் மருந்து சாப்பிட்டார்.

அண்ணன் 1993-ல் போனார். அவருக்கும் 48 வயதுதான். அதற்குப் பெயர் தெரியும்: பெருங்குடலில் புற்று. அக்கா 1995-ல், 53 வயதில். வெளியில் சொன்னது "கர்ப்பப்பையில் கட்டி". இந்த மூன்று சாவையும் நாங்கள் யாரும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு மூலம், அண்ணனுக்கு வெளிச் சாப்பாடும் காரமும், அக்காவுக்கு யாரோ கண் வைத்தது. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். எங்கள் பாட்டி ஒருத்திதான் "குலதெய்வத்துக்கு ஏதோ குறை வச்சிட்டோம்" என்று மூன்றுக்கும் பொதுவாக ஒரு காரணம் தேடினாள். காரணம் தவறு. ஆனால் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று நினைத்தாளே, அந்த அளவில் எங்கள் எல்லோரையும்விட அவள் கெட்டிக்காரி.

அண்ணன் மகனுக்கு 45 வயதில், இரண்டு வருடத்துக்கு முன், சோகை என்று ஆரம்பித்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏறவில்லை. கடைசியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது வலது பக்கத்தில் புற்று. நல்ல வேளை, பரவவில்லை. வெட்டி எடுத்தார்கள். சொந்தக்காரர்களிடம் "குடல் புண் ஆபரேஷன்" என்று அண்ணி சொல்லச் சொன்னார். நாங்களும் அப்படியே சொன்னோம்.

வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதித்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திருக்கா?" அவன் என் பக்கம் திரும்பினான். நான் அப்பா, அண்ணன், அக்கா மூவரையும் வயதோடு சொன்னேன். டாக்டர் ஒரு தாளில் சதுரமும் வட்டமும் போட்டுக் கோடு இழுத்தார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வாரிசுச் சான்று ஞாபகம் வந்தது. அறுபது வருடமாக நாங்கள் போடாத கணக்கை அவர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டார்.

இந்த நோய்க்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். என்னவென்று எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். டாக்டர் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரத்துக்கு நகல் கேட்டால் அலுவலகத்தில் என்ன செய்வோம்? ஒருவர் எழுதுவார், ஒருவர் படிப்பார், ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒப்பிட்டவர் கையெழுத்து இல்லாமல் நகல் வெளியே போகாது. சர்வே நம்பரில் 47 என்பது 74 ஆகிவிட்டால் ஒரு குடும்பத்தின் நிலமே மாறிவிடும். நம் உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. என்ற பெரிய பத்திரத்தை நகல் எடுக்கிறது. அதில் 600 கோடிக்கும் மேல் எழுத்துகள். நகல் எடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில எழுத்துகள் தவறத்தான் செய்யும். பின்னாலேயே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துகிற கூட்டம் ஒன்று வருகிறது. அந்தக் கூட்டம் சரியாக வேலை செய்தால் பிழைகள் நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைகின்றன. எழுதியது எது, மூலம் எது என்று பாக்டீரியாவில் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? மூலத்தில் சின்ன ரசாயனக் குறி இருக்கும். புது நகலில் கொஞ்ச நேரத்துக்கு அந்தக் குறி இருக்காது. அச்சு அசல் நம் ஆபீஸ் முத்திரைதான். இந்த வேலை நடக்கும் விதத்தை விளக்கியதற்காக அமெரிக்காவின் பால் மோட்ரிச் 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். டி.என்.ஏ.வைப் பழுது பார்க்கும் வேறு வழிகளைக் கண்டுபிடித்த தோமாஸ் லிண்டால், அசீஸ் சஞ்சார் இருவருக்கும் அவரோடு பங்கு.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தக் கூட்டத்துக்கு நாலு முக்கியமான மரபணுக்கள் உண்டு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. லிஞ்ச் குடும்பத்தில் பிறந்த சிலருக்கு அதில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுது. இன்னொன்று நன்றாக இருப்பதால் வேலை நடந்துகொண்டிருக்கும். ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டுவிட்டால், அந்த செல்லில் ஒப்பிட ஆள் இல்லை. பிழைமேல் பிழை சேர்ந்து புற்று ஆகிறது. குடலின் உள்தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. நகல் வேலை அங்கே ஓயாது. பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உள்தோலிலும் இந்த ஆபத்து பெரியது. அக்காவின் 'கட்டி' வேறு நோய் அல்ல, அண்ணனுக்கு வந்ததன் உடன்பிறப்பு.

பழுதான பிரதி பிள்ளைக்குப் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணும் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம். "பொம்பளை வழி நோய்" என்று நம் ஊரில் சொல்லுவது தவறு. பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதும் தவறு. எம்.எல்.எச்.1-ல் பழுது உள்ளவர்களில் 75 வயதுக்குள் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் குடல் புற்று வருகிறது. பி.எம்.எஸ்.2 என்றால் அதைவிட மிகக் குறைவு, பத்தில் ஒருவர் அளவுதான். குடல் புற்று வந்த நூறு பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் காரணம் லிஞ்ச். மற்றவர்களுக்கு வயது, புகை, மது, உடல் பருமன் என்று வேறு காரணங்கள். இதைப் படித்துவிட்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதே, நோயாளிகள் வாயைத் திறந்து குடும்பக் கதையைச் சொன்னதால்தான். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், டாக்டர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் தனக்குப் புற்றுநோயால்தான் சாவு என்று சொன்னாள். தன் வீட்டில் குடலிலோ வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ அது வந்துதான் எல்லோரும் போகிறார்கள் என்றாள். அவள் சொன்னபடியே இளவயதில் கர்ப்பப்பைப் புற்றால் இறந்தாள். வார்த்தின் அந்தக் குடும்பத்தைப் பின்தொடர்ந்து 1913-ல் எழுதினார். 1960-களில் ஒமாஹாவில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் டாக்டரிடம் ஒரு குடிகாரர் வந்து சேர்ந்தார். ஏன் குடிக்கிறாய் என்று கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் புற்றில் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன், அதனால்தான் என்றார். லிஞ்ச் அதைக் குடிகாரன் பேச்சு என்று தள்ளவில்லை. வீடு வீடாகப் போய் விசாரித்து 1966-ல் வெளியிட்டார். மரபணு கையில் சிக்கியது 1993-லும் 1994-லும். தையல்காரியும் குடிகாரரும் வெட்கப்பட்டு "வயித்து வலி" என்று சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ!

நாம் என்ன செய்கிறோம்? மறைக்கிறோம். மறைப்பதற்குக் காரணமும் வைத்திருக்கிறோம்: கல்யாணம்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அண்ணன் மகனின் பெண்ணுக்கு 23 வயது. அக்காவின் பேரனுக்கு, அதாவது அக்கா மகனின் பையனுக்கு, அவளைப் பேசியிருந்தார்கள். மாமன் மச்சான் பிள்ளைகள், முறையான சம்பந்தம். பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று. தை மாதம் முகூர்த்தம். பெண் வீட்டில் "குடல் புண் ஆபரேஷன்". மாப்பிள்ளை வீட்டில் "கர்ப்பப்பைக் கட்டி". இரண்டும் என்னவென்று தெரிந்தவன் குடும்பத்தில் மிஞ்சியிருக்கிற பெரியவன் நான் ஒருவன்.

சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது இருந்தால், பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் பழுதாக வர வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆளே பிறவியில் இல்லை. சின்ன வயதிலேயே ரத்தத்தில், மூளையில், குடலில் புற்று வரலாம். தோலில் பால் கலந்த காப்பி நிறத்தில் திட்டுகள் இருக்கும். டாக்டர்கள் இதற்கு இன்றும் பிரெஞ்சுப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கஃபே ஓ லே. பள்ளிக்கூடத்தில் காலை உணவுப் பாடத்தில் சந்தோஷமாக எழுதிய வார்த்தை. அதை ஆஸ்பத்திரியில் கேட்டபோது நெஞ்சு கனத்தது.

அண்ணியிடம் சொன்னேன், இதை மறைக்கக் கூடாது என்று.

"ஊரெல்லாம் தெரிஞ்சா பொண்ணை யாரு எடுப்பாங்க?" என்றார்.

"ஊருக்கு வேணாம் அண்ணி. கட்டிக்கப் போறவங்களுக்கு."

"உங்க அண்ணன் படுத்திருந்தப்போ அக்கம்பக்கத்துல என் வீட்டுத் தண்ணிய பிள்ளைங்க குடிக்க விடல. ஒட்டிக்கும்னாங்க. நீங்க அப்போ வேலூர்ல இருந்தீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

உண்மைதான். எனக்குத் தெரியாது. புற்று ஒட்டுவாரொட்டி அல்ல என்று இன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும், அன்று அவர் பட்டது பட்டதுதான். மறைப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. அவர்கள் அனுபவத்திலிருந்துதான் மறைக்கிறார்கள்.

ஆனால் அண்ணன் மகன் முடிவு எடுத்துவிட்டான். "என் விஷயத்தை நீங்களே போய்ச் சொல்லுங்க சித்தப்பா. எனக்கு வாய் வராது" என்றான். போளூருக்குப் போனேன். அக்கா மகன் காப்பி கொடுத்தான். சொன்னேன். அவன் வெகு நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மாவுக்கு வந்தது என்ன கட்டின்னு எனக்குத் தெரியும் மாமா" என்றான். "பையன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

இரண்டு வீட்டிலும் ஒரே பொய். இரண்டு பேரும் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்று வைத்திருந்தது ஒரே உண்மை. மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. முகூர்த்தம் தள்ளிப்போனது. கல்யாணத்தைக் கெடுத்த கிழவன் என்று என்னைச் சொன்னவர்கள் உண்டு. பிறகு ஒருநாள் போன் வந்தது: "மாமா, எந்த டாக்டரைப் பார்க்கணும்?"

பரம்பரைப் புற்று ஆலோசனை என்று தனியாகவே இருக்கிறது. ஊசி போட்டு ரத்தம் எடுப்பதற்கு முன் உட்கார வைத்துப் பேசுவார்கள். முடிவு இப்படி வந்தால் என்ன, அப்படி வந்தால் என்ன, யாருக்குச் சொல்வீர்கள் என்று கேட்பார்கள். ஒருவரிடம் எந்த எழுத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், உறவினர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு. எங்களிடம் பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். 1993-ல் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அண்ணி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணப் புடவைக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாராம். அண்ணனின் சதைப் பரிசோதனைத் தாள், மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, ஆனால் எழுத்து தெளிவாக இருந்தது. "முப்பது வருஷமா யாரும் கேக்கல" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

என் ரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பழுது இல்லை. அப்பாவிடமிருந்து நல்ல பிரதி எனக்கு வந்திருக்கிறது. எனக்கு இல்லாததால் என் பிள்ளைகளுக்கும் என் வழியாக வர வழியில்லை. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நாணயத்தைச் சுண்டியதுபோல அண்ணனுக்குப் பூ, எனக்குத் தலை. அவர் என்ன பாவம் செய்தார், நான் என்ன புண்ணியம் செய்தேன்? பிரெஞ்சுப் பள்ளியில் திக்தே என்று சொல்வதெழுதுதல் உண்டு. ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். ஆனால் பிழை விட்டவன் பாவி என்று எந்த முசியேயும் சொன்னதில்லை. நகலில் பிழை விழுந்தது, அவ்வளவுதான். முன்வினை என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நோயாளிக்கு வலியோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கொடுக்கிற சொல் அது.

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். "தெரிஞ்சு என்ன பண்றது? தெரியாம இருந்தாலாவது நிம்மதி" என்று கிரிவல நண்பர் ஒருவர் சொன்னார். வழி இல்லாத நோய் என்றால் அவர் சொல்வதை ஒப்புக்கொள்வேன். இதற்கு வழி இருக்கிறது. சாதாரணமாகக் குடலில் ஒரு சின்ன முளை புற்றாக மாறப் பத்து வருடம்போல ஆகும். லிஞ்ச் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்திலேயே ஆகிவிடலாம். அதனால் அவர்கள் 25 வயதுவாக்கில் தொடங்கி ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். எந்த மரபணு என்பதைப் பொறுத்துத் தொடங்கும் வயது மாறும். முளையைப் பார்த்த இடத்திலேயே எடுத்துவிடலாம். பின்லாந்தில் இப்படிப்பட்ட 22 குடும்பங்களை 15 வருடம் கவனித்து 2000-ல் வெளியிட்டார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்ட 133 பேரில் 8 பேருக்குப் புற்று, குடல் புற்றால் இறந்தவர் ஒருவரும் இல்லை. பார்த்துக்கொள்ளாத 119 பேரில் 19 பேருக்குப் புற்று, இறந்தவர் 9 பேர். நான் கணக்கு எழுதியவன். இந்தக் கணக்கு எனக்குப் போதும்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஜான் பர்ன் தலைமையில் லிஞ்ச் உள்ள 861 பேரை வைத்துச் சோதனை நடந்தது. தினம் 600 மில்லிகிராம் இரண்டு வருடம் சாப்பிட்டவர்களுக்குப் பின்னாளில் குடல் புற்று கணிசமாகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வயிற்றில் ரத்தக் கசிவு வரும். டாக்டர் சொன்னால் மட்டும்தான்.

கொலனோஸ்கோபியைப் பற்றிப் பயம் வேண்டாம். அண்ணன் மகனின் டாக்டர் சொன்னதால் மரபணு முடிவு வருவதற்கு முன்பே நானும் செய்துகொண்டேன். முந்தின நாள் உப்புக் கரைசலைக் குடித்துவிட்டுக் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடந்த நடையில் ஒரு கிரிவலமே முடிந்திருக்கும். மறுநாள் மயக்கம் கொடுத்தார்கள், எழுந்தபோது வேலை முடிந்திருந்தது. பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிற நம் ஆட்கள் இதற்கு அஞ்சுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

"வெளியில் சொன்னால் மானம் போகும்" என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இளவயதில் மலக்குடல் புற்றால் இறந்தார். அதைச் சீதபேதி என்று முதலில் தவறாக நினைத்து வைத்தியம் பார்த்தார்களாம். மூலம் என்று என் அப்பாவுக்குப் பார்த்ததைப்போல. அந்த அம்மையார் தங்கையின் நோயை மூடி மறைக்கவில்லை. அந்தத் துக்கத்தைப் பிடிவாதமாகக் கையில் வைத்திருந்து, 1952-ல் நேருவை அடிக்கல் நாட்ட வைத்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு திறந்தார். இந்தியாவில் பரம்பரைப் புற்றுக்கென்று முழுமையான முதல் கிளினிக்கை நடத்தியதும் அந்த அடையாறு நிலையம்தான். அதைப் பற்றி அதன் டாக்டர்கள் 2005-ல் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. பகவான் ரமணருக்கு 1949-ல் இடது முழங்கையருகே வந்த கட்டி புற்று என்று தெரிந்தபோது யாரும் அதை மறைக்கவில்லை. அறுவை நடந்தது ஆசிரமத்திலேயே, ஒருமுறை அல்ல, பலமுறை. 1950 ஏப்ரல் 14 வரை அவர் நிலையை ஊரே அறிந்திருந்தது. அவருடையது பரம்பரை நோய் அல்ல, வேறு வகை. நான் சொல்ல வருவது, புற்று வந்ததால் அவர் பெருமை ஒரு இம்மியும் குறையவில்லை என்பதைத்தான். மகானுக்கே மறைக்காத நோயை நாம் ஏன் சம்பந்தியிடம் மறைக்கிறோம்?

அப்படியானால் இந்த நோய் உள்ள குடும்பத்தில் பெண் எடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்லவே மாட்டேன். சுமார் முந்நூறு பேரில் ஒருவருக்கு லிஞ்ச் பழுது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த குடும்பம் தெரியாத குடும்பத்தைவிடப் பத்திரமானது. சர்க்கரை உள்ள வீட்டில் பெண் எடுக்காமலா இருக்கிறோம்? தெரிந்துகொண்டு, யோசித்து, கட்டிக்கொள்கிறவர்களே முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களின் வேலை உண்மையைச் சொல்வது. முடிவு எடுப்பது நம் வேலை அல்ல.

அரசாங்கத்திடமும் இரண்டு கோரிக்கை. ஒன்று, வெட்டி எடுக்கிற ஒவ்வொரு குடல் கட்டியிலும் இந்தப் பழுது பார்க்கும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்க்க முடியும். எல்லா நோயாளிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் 2017-லேயே பரிந்துரைத்துவிட்டார்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும், திருவண்ணாமலை உட்பட, இது வழக்கமாக வேண்டும். இரண்டு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அந்த அம்மாக்கள் கையில் உள்ள நோட்டில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: "உங்க ரத்த சொந்தத்துல ஐம்பது வயசுக்கு முன்னால யாருக்காவது கேன்சர் வந்ததா?" பைசா செலவில்லை.

படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். நம் வயதுக்காரர்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம், ஞாபகம் இருக்கிறது. யார் எப்போது போனார், எப்படிப் படுத்தார் என்பது நம்மோடு முடிந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கோடு போட்ட தாளை எடுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும், தாத்தா பாட்டியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவர் பெயருக்கு நேராக நோய், நோய் வந்த வயது, இறந்த வயது எழுதுங்கள். "மூலம்", "கட்டி", "வயித்து வலி", "சோகை" என்று சொல்லப்பட்டதை அப்படியே எழுதுங்கள், பொருள் டாக்டருக்குப் புரியும். டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு பழைய கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று. நெருங்கிய ரத்த சொந்தத்தில் மூன்று பேருக்குக் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று, அடுத்தடுத்த இரண்டு தலைமுறையில், அதில் ஒருவருக்காவது ஐம்பதுக்கு முன். இது உங்கள் தாளில் விழுந்தால் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். கணக்கில் விழாவிட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தால் சுவர் விளம்பரம் பார்த்து மூல வைத்தியத்துக்கு ஓடாமல் முதலில் முறையான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் சோகை மட்டும் வரலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலும் சும்மா விடக் கூடாது.

பெண், பையன் இருவருமே பரிசோதனை செய்துகொண்டார்கள். முடிவும் வந்துவிட்டது. அது அவர்கள் சொத்து, அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பந்தியில் அண்ணி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் பாயசம் விழுந்ததும், "அந்தத் தாளை லேமினேஷன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். பண்ணிவிட்டேன் என்றேன். இரண்டு நகல் எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு வீட்டிலும் கொடுத்திருக்கிறேன்.